தலை உருண்டால் அணி தேறுமா?

தோற்கும் கால்பந்து அணி முதலில் கைவைப்பது பயிற்சியாளர் மீதுதான். அந்த வைத்தியம் பலிக்கிறதா?

2015 பிப்ரவரி 4, புதன்கிழமை இரவு. ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில், 80 ஆயிரம் பேரைக் கொள்ளும் மைதானத்தில் விசில் சத்தம் காதைக் கிழிக்கிறது. அது பாராட்டு விசில் அல்ல. அந்த ஊரில் ரசிகர்கள் கோபத்தைக் காட்டுவது அப்படித்தான். ஆக்ஸ்பர்க் அணியிடம் சொந்த மண்ணிலேயே 0-1 என்று தோற்று நிற்கிறது பொருசியா டோர்ட்மண்ட். எதிரணியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகும் ஒரு கோலைத் திருப்ப முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் கோல்கீப்பர் ரோமன் வைடன்ஃபெல்லரும் கேப்டன் மாட்ஸ் ஹும்மல்ஸும் தெற்கு மாடத்தை நோக்கி நடக்கிறார்கள். வேலிக் கம்பியில் ஏறி நின்று, கொதித்துப் போயிருந்த மஞ்சள் சட்டைக் கூட்டத்தோடு முகத்துக்கு முகம் பேசுகிறார்கள்.

அன்றைய நிலவரப்படி 19 ஆட்டங்களில் 16 புள்ளிகள். 18 அணிகள் கொண்ட லீக்கில் கடைசி இடம். 2011இலும் 2012இலும் ஜெர்மன் சாம்பியன், 2013இல் சாம்பியன்ஸ் லீக் இறுதி வரை போன அணி அது. வேறு எந்தக் கிளப்பாக இருந்தாலும் மறுநாள் காலையே பயிற்சியாளர் யூர்கன் க்ளோப்புக்குக் கல்தா கொடுத்திருப்பார்கள். டோர்ட்மண்ட் நிர்வாகம் அவரைத் தொடவில்லை. அடுத்த நான்கு லீக் ஆட்டங்களையும் அணி வென்றது. எஞ்சிய 15 ஆட்டங்களில் 30 புள்ளிகள் எடுத்து 7ஆம் இடத்தில் பருவத்தை முடித்தது; ஜெர்மன் கோப்பையின் இறுதிப் போட்டிக்கும் போனது.

இரண்டு ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் இதே போன்ற நெருக்கடி, எதிர்மாறான முடிவு. 2016இல் யாரும் எதிர்பாராமல் பிரீமியர் லீக்கை வென்ற லெஸ்டர் சிட்டி, மறு பருவத்தில் 25 ஆட்டங்களில் 21 புள்ளிகளோடு 17ஆம் இடத்துக்குச் சரிந்தது. 2017 பிறந்ததிலிருந்து லீக்கில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. பிப்ரவரி 23 அன்று, கோப்பையை வாங்கித் தந்து பத்து மாதங்கள்கூட ஆகாத கிளாடியோ ரனியேரி நீக்கப்பட்டார். அவருடைய உதவியாளர் கிரேக் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்ற முதல் ஆட்டத்திலேயே லிவர்பூலை 3-1 என்று அணி வீழ்த்தியது. தொடர்ந்து ஐந்து லீக் வெற்றிகள். சாம்பியன்ஸ் லீக்கில் செவியாவைத் தாண்டிக் காலிறுதி. லீக்கில் 12ஆம் இடம். நிர்வாகத்தின் முடிவு சரிதான் என்று அன்று எல்லோருமே பேசினார்கள்.

அந்தப் பேச்சை நம்புவதற்கு முன் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

[பெட்டி] இரண்டு சரிவு, இரண்டு மீட்சி
டோர்ட்மண்ட், 2014-15: சரிவின்போது ஆட்டத்துக்குச் சராசரி 0.84 புள்ளி. பயிற்சியாளர் நீடித்தார். பிறகு 15 ஆட்டங்களில் சராசரி 2.00 புள்ளி.
லெஸ்டர், 2016-17: சரிவின்போது சராசரி 0.84 புள்ளி. பயிற்சியாளர் நீக்கப்பட்டார். பிறகு 13 ஆட்டங்களில் 23 புள்ளி, சராசரி 1.77.

பள்ளத்தின் அடியில் எடுக்கும் முடிவு

ஒரு ஜோடி உதாரணத்தை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் பிரச்சினை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை இந்த ஜோடி அழகாகக் காட்டிக்கொடுக்கிறது. கால்பந்து மிகக் குறைந்த கோல்களில் முடிவாகும் விளையாட்டு. கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பந்தும், நடுவர் தரும் ஒரு பெனால்டியும், முன்னணி வீரர் ஒருவரின் தொடைத் தசைப் பிடிப்பும் மூன்று புள்ளிகளைத் தூக்கிக் கொடுக்கும், இல்லையேல் பறித்துக்கொண்டு போகும். அதனால் எந்த அணியின் முடிவுகளும் அதன் உண்மையான பலத்துக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். பயிற்சியாளரை நீக்குவது எப்போது நடக்கிறது? அந்த ஊசலாட்டத்தின் ஆக அடிமட்டத்தில்தான். அதற்கும் கீழே போக இடம் குறைவு. மேலே வருவதற்கு வாய்ப்பு அதிகம். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது கட்டிய தாயத்துக்குத்தான், அது தானாக இறங்கியதும் பெயர் கிடைக்கிறது. புதிய பயிற்சியாளருக்குக் கிடைக்கும் பெயரில் பெரும்பகுதி அந்த வகைதான்.

டோர்ட்மண்டில் நடந்ததும் இதுவே. பருவத்தின் முதல் பாதியில் மார்கோ ராய்ஸ் உட்படப் பலர் காயத்தில் கிடந்தார்கள், பிறகு திரும்பினார்கள். லிவர்பூல் கிளப்பின் ஆய்வுப் பிரிவில் இருந்த இயற்பியலாளர் இயன் கிரஹாம் அந்தப் பருவத்தை ஆட்டம் ஆட்டமாகப் பிரித்துப் பார்த்தார். ஆடிய தரத்துக்கு ஏற்ற புள்ளிகள் கிடைக்காத, துரதிர்ஷ்டம் துரத்திய அணி அது என்ற முடிவுக்கு வந்தார். 2015 அக்டோபரில் லிவர்பூல் க்ளோப்பை எடுத்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது. 2019இல் சாம்பியன்ஸ் லீக், 2020இல் பிரீமியர் லீக் என்று அவர் அந்தக் கிளப்புக்கு வாங்கித் தந்தது எல்லோருக்கும் தெரியும். புள்ளிப்பட்டியலை மட்டும் பார்த்திருந்தால், கடைசி இடத்தில் கிடந்த ஒருவரை எதற்கு எடுக்கிறீர்கள் என்றுதான் கேட்டிருப்பார்கள்.

லெஸ்டரின் பக்கம் வாருங்கள். 2016இல் அது எடுத்த 81 புள்ளிகள்தான் அசாதாரணம். நடுக்களத்தைத் தனி ஆளாகத் தாங்கிய என்கோலோ காந்தே செல்சிக்குப் போன பிறகு, அணி நடுத்தர இடத்துக்கு இறங்குவது இயல்பு. இறங்கும்போது துரதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டதால் நடுவில் நிற்காமல் பள்ளத்தில் விழுந்தது. ஷேக்ஸ்பியரின் கீழ் அது போய்ச் சேர்ந்த 12ஆம் இடம்தான் அதன் சொந்த இடம். மூன்றாண்டு ஒப்பந்தம் பெற்ற அவரும் மறு பருவத்தில் 8 ஆட்டங்களில் 6 புள்ளிகளோடு நின்றபோது, 2017 அக்டோபரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இந்தச் சந்தேகத்தை முறையாகச் சோதித்தவர்கள் உண்டு. நெதர்லாந்துப் பொருளாதார வல்லுநர்களான யான் வான் ஊர்ஸும் மார்ட்டின் வான் டூய்லும் தங்கள் நாட்டு முதல்நிலை லீக்கின் 14 பருவங்களை எடுத்துக்கொண்டார்கள். பந்தய நிறுவனங்கள் தரும் விகிதத்தை வைத்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணி எத்தனை புள்ளி எடுத்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலான பள்ளம் எவ்வளவு ஆழமானபோது நீக்கம் நடந்தது என்று குறித்துக்கொண்டார்கள். அடுத்து அவர்கள் செய்ததுதான் முக்கியம். அதே கிளப், இன்னொரு பருவத்தில், அதே ஆழத்துக்கு விழுந்தும் பயிற்சியாளரை நீக்காமல் விட்ட தருணங்களைத் தேடி எடுத்தார்கள். நீக்கிய அணிகளும் தேறின. நீக்காத அணிகளும் ஏறக்குறைய அதே வேகத்தில் தேறின. நீக்கத்துக்கென்று தனிப் பலன் தென்படவில்லை. ஜெர்மன் பன்டஸ்லிகாவின் பல பத்தாண்டுக் கணக்கை எடுத்து 2011இல் ஆண்ட்ரியாஸ் ஹாயரும் சகாக்களும் செய்த ஆய்வும், இத்தாலியின் சீரி ஆ பற்றி மரியா டி பாவ்லாவும் வின்சென்சோ ஸ்கோப்பாவும் செய்த ஆய்வும் இதே திசையில்தான் கை காட்டின. இங்கிலாந்து லீக்குகளை ஆராய்ந்த ஆடஸ், டாப்ஸன், காடர்ட் மூவரும் ஒரு படி மேலே போனார்கள்: பருவத்தின் நடுவே மாற்றிய அணிகள், மாற்றாத அணிகளைவிடச் சராசரியில் கொஞ்சம் மோசமாகவே ஆடின.

இதில் வியக்க ஒன்றுமில்லை. ஒரு கிளப்பின் நீண்டகால இடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வீரர்களின் தரம். அந்தத் தரத்தின் விலை சம்பளப் பட்டியலில் இருக்கிறது. இங்கிலாந்தின் மேல் இரண்டு பிரிவுகளைப் பத்தாண்டுச் சராசரியாக எடுத்துக்கொண்டால், கிளப்புகளின் இடங்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தைச் சம்பளச் செலவே விளக்கிவிடுகிறது என்பது ஸ்டெஃபான் ஷிமான்ஸ்கியின் கணக்கு. அதே வீரர்கள், அதே மைதானம், அதே உரிமையாளர். மாறியது பயிற்சியாளரின் பெயர் மட்டும் என்றால், இடமும் பெரிதாக மாறாது.

ஆனால், மாற்றி வென்றவர்கள்?

இங்கே எந்த ரசிகரும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு, நியாயமான கேள்வி. 2022 அக்டோபரில் பன்டஸ்லிகாவில் 17ஆம் இடத்தில் கிடந்த லெவர்குசன், ஜெரார்டோ சியோனேவை நீக்கி ஸாபி அலோன்ஸோவைக் கொண்டுவந்தது. அந்தப் பருவத்தில் 6ஆம் இடம், அடுத்த பருவத்தில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் சாம்பியன். 2021 ஜனவரியில் ஃபிராங்க் லாம்பார்டை அனுப்பிவிட்டுத் தாமஸ் டூகலை எடுத்த செல்சி, மே மாதத்தில் சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. நிகோ கோவாச்சின் இடத்தில் ஹான்ஸி ஃப்ளிக்கை அமர்த்திய பயர்ன் மூனிக், 2020இல் மூன்று பெரிய கோப்பைகளையும் அள்ளியது. ஸ்டீவன் ஜெரார்டுக்குப் பதில் உனாய் எமெரியை எடுத்த ஆஸ்டன் வில்லா, தரமிறக்க விளிம்பிலிருந்து 7ஆம் இடத்துக்கு ஏறியது. இவ்வளவையும் தற்செயல் என்று ஒதுக்க முடியுமா?

முடியாது, ஒதுக்கவும் கூடாது. நல்ல பயிற்சியாளர் என்று ஒருவர் உண்டு, அவரால் ஓர் அணியைத் தூக்கி நிறுத்த முடியும். ஆனால் இந்த நான்கு வெற்றிகளிலும் வேலை செய்தது நீக்கம் அல்ல, நியமனம். தங்கள் இடத்துக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்த நல்ல வீரர்கள் ஏற்கனவே கையில் இருந்தார்கள். அவர்களுக்குப் பொருந்தக்கூடிய, அவர்களைவிட ஒரு படி மேலான ஒருவர் கிடைத்தார். இந்த இரண்டும் அமையாத இடங்களின் பட்டியல் இதைவிட நீளம். அதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 2022-23இல் லெஸ்டர், லீட்ஸ், சவுத்தாம்ப்டன் மூன்றும் பருவத்தின் நடுவே பயிற்சியாளரை மாற்றின. சவுத்தாம்ப்டனில் மூன்று பேர் வந்து போனார்கள், லீட்ஸில் மூன்று பேர். மூன்று கிளப்புகளும் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டன. அதற்கு முந்தைய பருவத்தில் தரமிறங்கிய பர்ன்லி, வாட்ஃபோர்ட், நார்விச் மூன்றும்கூட நடுவே மாற்றியவைதான். அதே 2022 அக்டோபரில் கடைசி இடத்தில் இருந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், ஸ்டீவ் கூப்பரை நீக்குவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்த நேரத்தில் அவருக்குப் புது ஒப்பந்தம் கொடுத்தது. அது பிரீமியர் லீக்கில் தப்பிப் பிழைத்தது.

மோசமான அணிகள்தானே அடிக்கடி மாற்றும், எனவே அவை விழுவதற்கு மாற்றத்தைக் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதனால்தான் நான் மாற்றம் அணியைக் கெடுக்கிறது என்று வாதாடவில்லை. மாற்றம் மட்டுமே அணியைக் காப்பாற்றுவதில்லை என்கிறேன்.

இன்னொரு வாதம் இதைவிடக் கூர்மையானது. தரமிறங்கினால் ஒரு பிரீமியர் லீக் கிளப் தொலைக்காட்சி வருமானத்தில் பெரும் பகுதியை இழக்கிறது. வீரர்களை விற்க வேண்டியிருக்கிறது. அலுவலக ஊழியர்களுக்கு வேலை போகிறது. சும்மா இருந்தால் மூழ்குவது நிச்சயம் என்றால், சூதாட்டமாக இருந்தாலும் ஒரு முறை ஆடிப் பார்ப்பதில் என்ன தவறு? ஆடஸ் குழுவின் ஆய்விலேயே இதற்கு ஓர் ஆதாரம் இருக்கிறது: மாற்றிய அணிகளின் முடிவுகள் இரு பக்கமும் அதிகமாகச் சிதறின. ஆக, கடைசி சில ஆட்டங்களில், வேறு வழியே இல்லாத அணிக்கு இது பகுத்தறிவுள்ள முடிவாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரும்பாலான நீக்கங்கள் அந்தக் கட்டத்தில் நடப்பதில்லை. 2017இல் கிரிஸ்டல் பேலஸ் நான்கே லீக் ஆட்டங்கள் முடிந்ததும் ஃபிராங்க் டி போரை நீக்கியது. அடுத்து வந்த ராய் ஹாட்ஜ்ஸனும் முதல் மூன்று லீக் ஆட்டங்களைத் தோற்றார். ஏழு ஆட்டம், ஏழு தோல்வி, கோல் பூஜ்யம். நான்கு ஆட்டத்துக்கு ஒரு நீதி என்றால் ஹாட்ஜ்ஸனும் போயிருக்க வேண்டும். அவரை விட்டுவைத்தார்கள், அணி 11ஆம் இடத்தில் முடித்தது.

வீரர்களுக்கும் பயிற்சியாளருக்கும் பேச்சுவார்த்தையே அற்றுப்போன நிலை தனி. 2015 டிசம்பரில் செல்சி ஜோஸே மொரின்ஹோவை அனுப்பியபோது, உள்ளே உறவு முறிந்துவிட்டது என்று நிர்வாகமே வெளிப்படையாகச் சொன்னது. அப்படிப்பட்ட இடத்தில் நீக்கத்தைத் தவிர்க்க முடியாது. ஆனால் அதை அறிவிப்பது பயிற்சி மைதானம், புள்ளிப்பட்டியல் அல்ல.

யார் கொடுக்கிறார்கள் இந்த விலையை?

ஒரு நீக்கத்தின் செலவு, நீக்கப்பட்டவரின் ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் சம்பளத்தோடு தொடங்குகிறது. அவர் அழைத்து வந்த உதவியாளர்கள், உடற்தகுதிப் பயிற்சியாளர், கோல்கீப்பர் பயிற்சியாளர் எல்லோருக்கும் தனித்தனியாகக் கணக்கு முடிக்க வேண்டும். புதியவர் வேறு கிளப்பில் இருந்தால் அந்தக் கிளப்புக்கும் ஈடு கட்ட வேண்டும்.

[பெட்டி] அனுப்பி வைத்த செலவு
அன்டோனியோ கோன்டேயையும் குழுவினரையும் 2018இல் அனுப்பியதில் செல்சிக்கு, வழக்குச் செலவோடு சேர்த்து, 2.66 கோடி பவுண்டு. மொரின்ஹோவையும் உதவியாளர்களையும் அனுப்பியதில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 1.96 கோடி பவுண்டு. எரிக் டென் ஹாகையும் குழுவினரையும் அனுப்பியதில் அதே கிளப்புக்கு 1.04 கோடி பவுண்டு. அடுத்தவரான ரூபன் அமோரிமை விடுவிக்க ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு 1.1 கோடி யூரோ.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் அணியின் கட்டமைப்பில் நிகழ்கிறது. மான்செஸ்டர் யுனைடெட்டை நெருங்கிப் பார்த்தால் இது தெரியும். 2018 டிசம்பரில் மொரின்ஹோவை நீக்கியபோது அணி 6ஆம் இடத்தில் இருந்தது. ஓலே குன்னார் சோல்ஷெர் வந்தார், வெற்றி மேல் வெற்றி, 2019 மார்ச்சில் நிரந்தர ஒப்பந்தம். பருவம் முடிந்தபோது அதே 6ஆம் இடம். 2024இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றதும் டென் ஹாகின் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். அக்டோபரில், 9 ஆட்டங்களில் 11 புள்ளிகளோடு 14ஆம் இடத்தில் நின்றபோது நீக்கினார்கள். அமோரிம் மூன்று மையத் தடுப்பாளர்களையும் இரு பக்க ஓரங்களில் ஓடுபவர்களையும் நம்பி ஆடுபவர். கையில் இருந்ததோ நான்கு தடுப்பாளர் முறைக்கென்று வாங்கிச் சேர்த்த ஆட்கள். பருவத்துக்கு முந்தைய தயாரிப்பு மாதமும் அவருக்குக் கிடைக்கவில்லை; பருவம் முடிந்த பிறகு வருகிறேன் என்று அவரே கேட்டுப் பார்த்தார். அந்தப் பருவத்தில் அவருடைய 27 லீக் ஆட்டங்களில் கிடைத்தது 27 புள்ளிகள். அணி முடித்தது 15ஆம் இடத்தில். 2013இல் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வுபெற்றதிலிருந்து ஒவ்வொருவரும் தன் முறைக்கென ஆட்களைக் கேட்டார், வாங்கித் தந்தார்கள், அடுத்தவருக்கு அவர்கள் உதவவில்லை. இந்தச் சுமையைத் தூக்குவது நீக்கிய நிர்வாகிகள் அல்ல. தன் இடம் எது என்று தெரியாமல் நிற்கும் 19 வயது வீரரும், ஆண்டுச் சீட்டுக்குப் பணம் கட்டும் ரசிகரும்தான்.

பலிகடா தேவைப்படுவது ஏன்?

பலன் இல்லாத ஒன்றை, புத்திசாலிகளான முதலாளிகள் ஏன் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்? 1964இலேயே அமெரிக்கச் சமூகவியலாளர்கள் வில்லியம் கேம்ஸனும் நார்மன் ஸ்காட்சும் பேஸ்பால் அணிகளை வைத்து இதற்கு ஒரு பதில் எழுதினார்கள். மேலாளரை நீக்குவது ஒரு சடங்கு. தோல்விக்கு ஒரு பலிகடா கிடைத்தால் எல்லோருக்கும் மனம் ஆறும் என்றார்கள். அறுபது ஆண்டுகள் கழிந்தும் அந்த விளக்கம் பொருந்துகிறது. பருவத்தின் நடுவே 25 வீரர்களை மாற்ற முடியாது. வீரர்களை வாங்க அனுமதிக்கும் காலம் முடிந்திருக்கும். உரிமையாளர் தன்னைத் தானே நீக்கிக்கொள்ள மாட்டார். தவறான வீரர்களைத் தேர்ந்தெடுத்த விளையாட்டு இயக்குநரின் பெயர் மாடத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மிஞ்சுவது, கோட்டருகே நின்று கத்திக்கொண்டிருக்கும் ஒருவர்தான். அவரை அனுப்பியதும் கேள்விகள் ஒரு மாதத்துக்கு அடங்குகின்றன. உண்மையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த ஒரு மாதத்தில் தப்பிவிடுகிறார்கள். என் பார்வையில் இந்தப் பழக்கத்தின் மிகப் பெரிய கேடு இதுவே.

நம் ஊர்க் கதையும் ஒன்று இருக்கிறது. 2018-19 ஐ.எஸ்.எல். பருவத்தில் சென்னையின் எஃப்.சி. கடைசி இடத்தில் முடித்தது. முந்தைய ஆண்டு கோப்பையை வென்று தந்த ஜான் கிரிகரியை நிர்வாகம் நீடிக்க விட்டது. அடுத்த பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறு ஆட்டங்களோடு கிரிகரி விடைபெற்றார். ஓவன் கோய்ல் வந்தார், அணி இறுதிப் போட்டி வரை போனது. கோய்ல் நல்ல தேர்வு என்பதில் சந்தேகமில்லை. பின்னர் ஜாம்ஷெட்பூருக்கு லீக் ஷீல்டையும் வென்று தந்தவர். ஆனால் அந்தப் பருவத்தில் 15 கோல் அடித்த நெரியுஸ் வால்ஸ்கிஸ், ரஃபேல் கிரிவெல்லாரோ இருவரும் கோய்ல் வருவதற்கு முன்பே சென்னையில் இறங்கிவிட்டார்கள். ஆளும் சரியாக இருந்தார், ஆட்களும் சரியாக இருந்தார்கள்.

ஜெர்மனியின் ஃப்ரைபர்க் 2015இல் தரமிறங்கியபோது கிறிஸ்டியான் ஸ்ட்ரைஷை நீக்கவில்லை. மறு ஆண்டே இரண்டாம் பிரிவின் சாம்பியனாகத் திரும்பியது. 2022இல் ஜெர்மன் கோப்பையின் இறுதிக்குப் போனது. 2020 கிறிஸ்துமஸின்போது 15ஆம் இடத்தில் இருந்த ஆர்சனல் மிகெல் ஆர்டெட்டாவை விட்டுவைத்தது. 2023இலிருந்து தொடர்ந்து மூன்று பருவங்கள் இரண்டாம் இடம். இந்த இரண்டு நிர்வாகங்களும் வெறுமனே பொறுமை காட்டவில்லை. அணி எந்தத் திசையில் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் திசைக்கு ஏற்ற ஆளே பொறுப்பில் இருக்கிறார் என்றும் தெரிந்திருந்தது.

எனவே, பயிற்சியாளரை நீக்கு என்று மாடத்திலிருந்து குரல் எழுப்பும் ரசிகர்கள் அடுத்த முறை அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: அடுத்து வருபவர் யார், இப்போது இருக்கும் வீரர்களை வைத்து அவரால் என்ன செய்ய முடியும், இந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்தவர் யார்? இதற்குப் பதில் வைத்திருக்கும் கிளப் தாராளமாக மாற்றட்டும். பதில் இல்லாத கிளப், இருப்பவரையே விட்டுவைத்து அந்தப் பணத்தை ஒரு நல்ல தடுப்பாளரை வாங்கச் செலவிடட்டும்.